பிறக்குமுன் எழுதிய பத்திரம்

2024-ம் வருஷம் சென்னையில் ஓர் அரசினர் பெண்கள் பள்ளிக்கூடத்திற்கு, மாணவிகளுக்கு ஊக்கமூட்டும் பொருட்டு, ஒரு பிரசங்கியார் அழைத்து வரப்பட்டார். கையின்றியும் காலின்றியும் கண்ணின்றியும் சிலர் பிறப்பதற்கு முற்பிறவியிற் செய்த பாவமே காரணம் என்ற பொருள்பட அவர் பேசினார். அந்தச் சபையில் கண்பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து ஆக்ஷேபித்தார். பிரசங்கியார் அடங்காமல் ஆசிரியரோடு தர்க்கித்தார். செய்தி நாடெங்கும் பரவியது, கூச்சல் எழுந்தது, சில தினங்களில் போலீஸார் பிரசங்கியாரைக் கைது செய்தனர்.

கைது செய்ததைப் பற்றி நமக்குத் திருப்தியில்லை. பிழையான கொள்கைக்கு விலங்கு பூட்டினால் அது தியாகி வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வரும். கொள்கைக்குப் பதில் கொள்கையே. அந்த ஆசிரியர் சபை நடுவே நின்று விடுத்த ஆக்ஷேபத்தைப் பலரும் பாராட்டினார்களேயன்றி, அதன் பொருளை எடுத்து விசாரித்தவர் சிலரே. கூச்சல் ஓய்ந்த பின்னராவது அவ்விசாரணை நடைபெறுதல் அவசியமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

கேள்வி யாதெனில், ஒருவன் இன்ன குடியில், இன்ன உடம்போடு, இன்ன சுக துக்கங்களோடு வாழ வேண்டுமென்பது அவன் பிறக்குமுன்னரே அவனுடைய ஆன்மாவினால் முடிவு செய்யப்பட்டதா என்பது. இதனை அப்படியே ஆமென்று சொல்லும் கூட்டம் இன்று மேல்நாடுகளில் பெருகியிருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன் என்பவர் மனிதர்களை மனோவசிய முறையால் உறங்கச் செய்து, ஒரு பிறவிக்கும் மறு பிறவிக்கும் இடையில் ஆன்மா எங்கே தங்குகிறது, எப்படித் தன் அடுத்த உடம்பைத் தேர்ந்துகொள்கிறது என்றெல்லாம் அவர்கள் வாயிலாகக் கேட்டறிந்ததாக 1994-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் பின்பற்றிப் பல புத்தகங்கள் வந்துவிட்டன. வியாதியும், விபத்தும், புத்திர சோகமுங்கூட ஆன்மா தானே விரும்பி வகுத்துக்கொண்ட பாடத்திட்டம் என்பது அவற்றின் சாரம்.

நம்மவரிற் சிலர் இதைக் கண்டு, நமது கர்மக் கொள்கையை வெள்ளையர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பூரிக்கின்றனர். பூரிப்பதற்கு இடமில்லை. நம் முன்னோர் சொன்ன கொள்கையில் ஆன்மாவானது அங்காடியிற் சேலை பொறுக்குவதுபோலப் பிறவியைப் பொறுக்குவதில்லை. விதைத்தது விளைகிறது, சஞ்சிதத்தில் ஒரு பகுதி பிராரத்தமாகி உடம்பெடுக்கிறது, அதை அநுபவிக்கும்போதே ஆகாமியம் ஏறுகிறது. இதில் விருப்பத்திற்கு இடமேது? தேர்ந்துகொள்ளும் ஆன்மாவைத் தேட வேண்டுமானால் கிரேக்க தேசத்துக்குப் போக வேண்டும். பிளேட்டோ தமது குடியரசு நூலின் பத்தாம் பகுதியில், இறந்து மீண்ட ஏர் என்ற வீரனின் கதையைச் சொல்லுகிறார். ஆன்மாக்களின் முன்னே வாழ்க்கைகள் பரப்பி வைக்கப்படுகின்றன. முதற்சீட்டு விழுந்தவன் ஆராயாமல் ஒரு கொடுங்கோலரசின் வாழ்வை எடுத்துக்கொண்டு பின்னர் அழுகிறான். யுலிஸஸ் கடைசியாக வந்து, பிறர் ஒதுக்கிவிட்ட ஒரு சாதாரண மனிதனின் அமைதியான வாழ்வைத் தேடி எடுத்துக்கொள்கிறான். பின்பு எல்லாரும் மறதி நீரைப் பருகிப் பிறக்கச் செல்கின்றனர். பிளேட்டோ இக்கதையைச் சொன்னது, இந்தப் பிறவியில் நன்மை தீமைகளைப் பகுத்தறியக் கற்றுக்கொள் என்று இளைஞருக்குப் புத்தி புகட்டுவதற்கே. அயல்வீட்டுக்காரனின் துன்பத்தைப் பார்த்து, நீ கேட்டு வாங்கியதுதானே என்று சொல்லுவதற்கு அன்று.

நாம் நியாயஸ்தலத்தில் பழகியவர்கள். ஆதலின் இக்கட்சியை நியாயஸ்தல முறைப்படி சற்றுப் பார்ப்போம். பிறக்குமுன் ஆன்மா ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தது என்கிறார்கள். எழுதிக்கொடுத்தவருக்கு அது ஞாபகமில்லை. பதிவாபீஸில் நகல் இல்லை. சாக்ஷி இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதென்று, மோஹரி பீபிக்கும் தர்மோதாஸ் கோஷுக்கும் நடந்த வழக்கில் 1903-ல் பிரிவி கௌன்ஸில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறந்து வளர்ந்த மைனர் பிள்ளை எழுதிக்கொடுத்த அடமானமே செல்லாதென்றால், பிறவாத பிள்ளை எழுதிக்கொடுத்த அடமானம் செல்லுமோ? சிலர் முற்பிறவி ஞாபகமுள்ள குழந்தைகளைச் சாக்ஷிக் கூண்டில் ஏற்றுவார்கள். மதுரா நகரில் முன்பு வாழ்ந்ததாகச் சொன்ன டில்லிச் சிறுமி சாந்தி தேவியின் விஷயத்தை 1935-ல் ஒரு கமிட்டியார் விசாரித்தனர். ஞாபகம் மெய்யென்றே வைத்துக்கொள்வோம். நேற்று எங்கே இருந்தேன் என்பது ஞாபகம். இன்று படும் அடிக்கு நேற்றே இணங்கினேன் என்பது வேறு சங்கதி. முன்னதை ரூபித்தால் பின்னது ரூபணமாகாது.

இந்த வழக்கில் எல்லாவற்றிலும் முக்கியமான அம்சம் ஒன்றுண்டு. இல்லாத பத்திரத்திற்குச் சாக்ஷி சொல்ல முன்வருபவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் அப்பத்திரத்தினால் லாபமடைகிறவராகவே இருக்கிறார்.

வைக்கத்தில் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். திருவாங்கூர் சமஸ்தானத்து வைக்கம் மகாதேவர் ஆலயத்தைச் சுற்றிய பொது வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாதென்ற தடையை எதிர்த்து 1924-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறை புகுந்ததும், தமிழ்நாட்டிலிருந்து ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி சென்று போராட்டத்தைத் தாங்கிப் பிடித்து இருமுறை சிறைப்பட்டதும், வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் தொண்டர்கள் நின்றதும் சரித்திரம். வீதியைத் திறக்க வேண்டுமென்ற தீர்மானம் சமஸ்தானச் சட்டசபையில் 21 வோட்டுக்கு எதிராக 22 வோட்டினால், அதாவது ஒரே வோட்டு வித்தியாசத்தில், தோற்றது. அதன் பின்னர், 1925-ம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி, காந்தியடிகள் ஆலயத்தின் ஆதிக்கம் படைத்த நம்பூதிரியை அவருடைய இண்டந்துருத்தி மனைக்கே சென்று கண்டார். அடிகள் பிறப்பால் வைசியர். ஆகையால் அவரை வீட்டுக்குள் அழைக்காமல் புறத்தே அமர்த்திச் சம்பாஷணை நடத்தினர். தேசத்தின் தலைவரையே திண்ணைக்கு அப்பால் நிறுத்திய வைதிகம் அது.

அங்கே பேசப்பட்டது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. பொது வீதியில் ஒரு கூட்டத்தாரை நடக்கவொட்டாமல் தடுப்பது நியாயமா என்று அடிகள் வினவினார். அவர்கள் முற்பிறவி வினையால் அப்படிப் பிறந்தார்கள் என்று விடை வந்தது. வினைப்பயனாகவே பிறந்தார்கள் என்றாலும், கடவுள் கொடுத்த தண்டனைக்கு மேல் தண்டனை கொடுக்க நாம் யாரென்று அடிகள் திருப்பிக் கேட்டார். அவர்களுடைய வினைக்குரிய தண்டனையை நிறைவேற்றக் கடவுள் நியமித்த கருவிகள் நாங்கள் என்பது எதிர்க்கட்சியின் பதில்.

இந்தப் பதிலை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பிறவி முன்னமே நிச்சயிக்கப்பட்டது என்ற கொள்கை வெறும் தத்துவமாகத் தொடங்குகிறது. ஆனால் அது வெறும் தத்துவமாக நிற்பதில்லை. குற்றவாளி இன்னாரென்று அது சொல்லி முடித்தவுடன், சிறையதிகாரி உத்தியோகத்திற்கு மனுப் போடுகிறவர்கள் வாசலிலே காத்திருக்கிறார்கள். கடவுளிடத்தினின்று நியமன உத்தரவு வந்ததா, வந்தால் அதைக் காட்டு என்று கேட்பார் இல்லை. வழக்கும் அவரே, சாக்ஷியும் அவரே, நீதிபதியும் அவரே, சேவகரும் அவரே. வைக்கத்து வீதிகளில் மூன்று பக்கங்கள் 1925-ம் வருஷ முடிவுக்குள் திறக்கப்பட்டன. ஆலயக் கதவே 1936-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதிப் பிரகடனத்தால் திறந்தது. அன்று கடவுளின் சிறைத்தண்டனைக் காலம் முடிந்துவிட்டது போலும்! இண்டந்துருத்தி மனையோ பிற்காலத்தில் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் காரியாலயமாயிற்று. மதுவிலக்கில் பிடிவாதமுள்ள நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியாமல் திகைக்கிறோம்.

காந்தியடிகளை இவ்விஷயத்தில் நமது சாக்ஷியாக அழைத்தபின், அவரே மறுபக்கம் நின்ற ஒரு சந்தர்ப்பத்தை மறைப்பது நேர்மையாகாது. 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீஹாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்து பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அடிகள் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்தார். அம்மாதம் 24-ந் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, இவ்விபத்து தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். கவி ரவீந்திரர் இதைக் கண்டு வருந்தி மறுப்பு எழுதினார். இயற்கையின் உற்பாதங்களுக்கு இயற்கையே காரணம். இம்மாதிரி வாதம் மகாத்மாவைக் காட்டிலும் மகாத்மாவின் எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்பது அவருடைய ஆக்ஷேபத்தின் சாரம். அடிகள் அந்த மறுப்பைத் தமது ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டுத் தமது பதிலையும் எழுதினார். பத்திரிகைத் தொழில் புரிவோர் அனைவரும் கற்க வேண்டிய மரியாதை அது.

அடிகளிடத்தில் நமக்குள்ள பக்தி யாருக்கும் குறைந்ததன்று. ஆயினும் இவ்வழக்கில் நமது வோட்டு கவிக்கே. அடிகள் பாவத்தைத் தம்மீதும் தம் இனத்தார்மீதும் சுமத்திக்கொண்டாரேயன்றி, வைக்கத்து நம்பூதிரியைப்போல் எளியார்மீது சுமத்தவில்லை என்பது மெய். ஆனால் மொங்கீரிலும் முஜபர்பூரிலும் சுவர் இடிந்து செத்தவர்கள் யார்? தீண்டாதவர்களும் செத்தார்கள், பால் மணம் மாறாத சிசுக்களும் செத்தார்கள். தீண்டாமைக்குத் தண்டனை தீண்டப்படாதவனுக்கா? ஹரிஜன இயக்கத்தை வெறுத்த வைதிகர்கள், அவ்வியக்கமே பூகம்பத்தை வரவழைத்தது என்று சொன்னால் அதற்கு என்ன மறுமொழி? பிறர் துன்பத்துக்கு மறைந்த காரணம் கற்பிக்கும் உரிமையை நல்லவர்களுக்கு மட்டும் கொடுத்துத் தீயவர்களுக்கு மறுக்க வழியில்லை. ஆகையால் ஒருவருக்கும் கொடாமலிருப்பதே உத்தமம்.

அரசியல் ரீதியில் இக்கொள்கை நமக்கு விளைத்த கேடு கொஞ்சமன்று. 1876 முதல் 1878 வரை தக்ஷிணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியா முழுதும் ஐம்பது லக்ஷத்துக்குக் குறையாத ஜனங்கள் மடிந்தனர். அதே காலத்தில் நம் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதுமென்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் திட்டம் செய்தார். இது உயிர் தரிக்கப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் கண்டித்து எழுதினார். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கணக்குப் போட்டுக் கண்டித்ததை, நம்மவர் எத்தனையோ பேர் தலைவிதி என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டு ஏற்றார்கள். அந்நிய அரசாங்கத்துக்கு நம்முடைய தலைவிதி நம்பிக்கையைப்போல் சம்பளமில்லாமல் விசுவாசமாக உழைத்த சிப்பந்தி வேறெவருமில்லை. 1943-ல் வங்காளத்தில் சுமார் முப்பது லக்ஷம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டபோதும் அந்தச் சிப்பந்தி வேலையில் இருந்தான்.

பெரியம்மையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கண்ணைப் பறிகொடுத்தவர்களும் முகம் சிதைந்தவர்களும் அதைத் தம் வினை என்றே பொறுத்தனர். அம்மை குத்துவோர் ஊர் ஊராகத் திரிந்தனர். 1975-ல் இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டார். 1980-ல் உலகத்திலேயே அந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. பிறக்க வரும் ஆன்மாக்களெல்லாம் ஒன்றுகூடி, 1975-க்குப் பிறகு அம்மைத் தழும்பு வேண்டாமென்று தத்தம் பத்திரத்திலிருந்து அடித்துவிட்டனவா? சுதந்திரம் வந்தபோது இந்தியனுடைய சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயதளவில் இருந்தது. இன்று எழுபதளவில் இருக்கிறது. பிரமதேவன் கை தாராளமாகிவிட்டது என்று சொல்வதைக் காட்டிலும், குடிநீரும் மருந்தும் பிரசவ விடுதியும் வந்தன என்று சொல்வது பொருத்தமன்றோ? எழுத்தை ஊசிமுனை அழிக்குமானால் அது எழுத்தன்று.

இப்படிச் சொல்லுவதால் நாம் நமது சாஸ்திரங்களைப் பழிக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். எல்லாம் நியதி, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று சாதித்தவன் மக்கலி கோசாலன். ஆஜீவக மதத்தின் ஆசிரியன். அம்மதம் தமிழகத்திலும் நெடுங்காலம் இருந்தது. மணிமேகலையிலும் நீலகேசியிலும் அதனைப் பற்றிய வாதங்களைக் காணலாம். புத்தர் பெருமான் அக்காலத்து மதங்கள் அனைத்திலும் இதையே கடைத்தரமானதென்று ஒதுக்கினார்; குளிரில் குளிர்ந்தும் வெயிலில் சுட்டும் எக்காலத்துக்கும் உதவாத மயிர்க்கம்பளத்துக்கு ஒப்பிட்டார். பாரதத்தில் அநுசாசன பர்வத்தில், தெய்வம் பெரிதா முயற்சி பெரிதா என்று தருமபுத்திரர் பீஷ்மரைக் கேட்கிறார். விதை தெய்வம், நிலம் முயற்சி, இரண்டும் சேர்ந்தாலன்றி விளைவில்லை என்பது அங்கே கிடைக்கும் விடை. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி அதன் வலிமையை ஒளிக்காமற் சொன்னார். அது 38-வது அதிகாரம். ஆனால் அரசியலுக்கு வந்தபோது 62-வது அதிகாரத்தில், தளராது முயல்பவன் ஊழையும் புறமுதுகிடச் செய்வான் என்ற கருத்தை நிறுத்தினார். முன்னதைப் படித்துப் பின்னதைப் படியாதவர் நம் நாட்டில் ஏராளம். மாந்தலேச் சிறையில் கீதா ரகசியம் எழுதிய லோகமான்யர், வினைப்பயனையும் ஆன்ம சுதந்திரத்தையும் சேர்த்து ஒரு தனி அத்தியாயமே செய்தார். சிறைவாசம் என் பிராரத்தம் என்று அவர் முடங்கியிருந்தால் அந்தப் புத்தகமும் இல்லை. ஹோம் ரூல் இயக்கத்துக்கு அவர் தலைமையும் இல்லை.

ஊழை முழுமனத்தோடு நம்பிய பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் உண்டு. கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கை ஆற்றோடு செல்லும் மிதவைக்கு ஒப்பிட்டார். அப்படி நம்பியவர் கண்ட முடிவென்ன? பெரியவரென்று வியக்கவும் வேண்டாம், சிறியவரென்று இகழவும் வேண்டாம் என்பதே. சென்னைப் பள்ளிக்கூடத்தில் பேசிய பிரசங்கியாரோ, வைக்கத்து நம்பூதிரியோ இந்த முடிவுக்கு வரவில்லை. ஊழை நம்பி இகழ்ச்சியைக் கைவிட்டவர் எங்கே, இகழ்வதற்காக ஊழைத் துணைக்கழைப்பவர் எங்கே!

பிள்ளையைப் பறிகொடுத்த தாய், இது என் வினையென்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளுகிறாள். அவளோடு நாம் தர்க்கம் செய்யப் போவதில்லை. அது அவளுடைய துக்கம். அதை எந்தத் தைலமிட்டு ஆற்றிக்கொள்வதென்பது அவளுடைய உரிமை. ஆனால் பிரசவ ஆஸ்பத்திரியின் அதிகாரி அதே வாக்கியத்தை அவளிடம் சொன்னால், அது தைலமன்று. பிராணவாயுக் குழாய் ஏன் காலியாயிருந்தது என்ற கேள்விக்குத் தப்பும் உபாயம். வாக்கியம் ஒன்றே, சொல்லும் வாய் மாறினால் பொருள் தலைகீழாகிறது. பிறர் வினையைப் பற்றி இவ்வளவு தீர்க்கமாகப் பேசுவோர் தம் பொருளுக்குச் சேதம் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். குடியானவனின் பட்டினியைக் கர்ம பலனென்று சொல்லும் மிராசுதாரர்களில், குத்தகை பாக்கியையும் தம்முடைய கர்ம பலனென்று தள்ளிக் கொடுத்தவர் ஒருவரையேனும் நாம் கோர்ட்டில் சந்தித்ததில்லை.

வைக்கத்து வாதம் செத்துவிட்டதென்று எண்ணுவோர், நகரங்களின் சாக்கடைக் குழிகளைப் போய்ப் பார்க்கட்டும். மனிதன் மலத்தைக் கையால் அள்ளும் வேலையைத் தடுத்து 1993-ல் ஒரு சட்டமும், அது போதாதென்று 2013-ல் மற்றொரு சட்டமும் செய்யப்பட்டன. பாதாளச் சாக்கடையில் இறங்கி மாண்டவனின் குடும்பத்துக்குப் பத்து லக்ஷம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லக்ஷமாக உயர்த்தியது. ஆயினும் விஷவாயுவில் சிக்கி மாண்ட செய்தி நமது ஆபீஸுக்கு வருவது நிற்கவில்லை. இறந்தவர்களின் ஜாதியைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சில ஜாதிகளே. இத்தனை ஆன்மாக்கள் பிறக்குமுன் ஒரே குழியைத் தேர்ந்துகொண்டன என்று எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வாய்விட்டுச் சொல்லாமலே அப்படி நடந்துகொள்ளும் நகரசபைகள் உண்டு. குத்தகைக்காரர் ஒருவரை நடுவில் நிறுத்திவிட்டு, இறங்கியவன் எங்கள் சிப்பந்தி அல்ல என்று அவை பதில் மனுத் தாக்கல் செய்கின்றன.

நமது நேயர்களில் நகரசபை அங்கத்தினர்களும், அவர்களைத் தேர்ந்தெடுக்க வேலை செய்தவர்களும் பலர் உண்டு. அவர்கள் அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். தங்கள் ஊரில் சாக்கடை சுத்தம் செய்யும் இயந்திரம் எத்தனை, அவற்றில் ஓடுகிற நிலையில் இருப்பது எத்தனை, சென்ற வருஷத்தில் குழிக்குள் மனிதன் இறங்கியது எத்தனை முறை? பதில் எழுத்து மூலமாகக் கிடைக்கும்வரை கூட்டத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.